மெரினாவுக்கு வந்த நாலாங்கிளாஸ் பிள்ளை

2017 ஜனவரி 21, சனிக்கிழமை. நெமிலியிலிருந்து பஸ்ஸில் அரக்கோணம், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை. கூட வந்தது அக்கா மகள், நாலாங்கிளாஸ். "இருட்டறதுக்குள்ள திரும்பிடணும்" என்று அக்கா கறாராகச் சொல்லித்தான் அனுப்பினாள்.

மெரினாவில் அது ஐந்தாவது நாள். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குப் போட்ட தடையை எதிர்த்துத்தான் அவ்வளவு கூட்டம். எங்க பக்கம் ஜல்லிக்கட்டு கிடையாது, மாடு விடற திருவிழாதான். மாட்டை யாரும் அணைய மாட்டார்கள். தெருவில் ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். 2017-ல் வந்த திருத்தச் சட்டம் இந்த எருது விடும் விழாவையும் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டது.

பிள்ளை அங்கே ஒரு கல்லூரிப் பெண்ணோடு சேர்ந்து காலி தண்ணீர் பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது வரிசையாக நின்ற போலீஸ் வேன்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, போலீஸ் புடிச்சா என்னையும் ஜெயில்ல போடுவாங்களா?"

"சின்னப் பசங்கள எல்லாம் போட மாட்டாங்கடா."

தப்பான பதில். அது தப்பு என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. நவம்பர் 13-ல் சென்னையில் பெண்கள் மாநாடு. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் தந்தது இந்த மாநாடுதான். மறுநாளே பெண்கள் மறியலில் இறங்கிக் கைதானார்கள். அந்த முதல் அணியில் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோடு சீதம்மாளும் இருந்தார். அவர் சிறைக்குப் போனது தம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. அந்தப் போராட்டம் முழுவதிலும் சிறை சென்ற பெண்கள் 73 பேர். தாயோடு உள்ளே போன குழந்தைகள் 32. 1940 பிப்ரவரி 21-ல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

நாங்கள் வந்துவிட்டுப் போன இரண்டாம் நாள், 23-ஆம் தேதி காலை, போலீஸ் மெரினாவைக் காலி செய்தது. தடியடி, ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ. டிவியைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தாள். "சனிக்கிழமையே இது நடந்திருந்தா எம் பொண்ணு என்னாகியிருப்பா?"

என்னிடம் பதில் இல்லை.

'1938-லயே கைக்குழந்தையோட போனாங்களே' என்று சொல்லிவிடலாம். ஆனால் அது சரியான வாதமில்லை. அந்தத் தாய்மார்கள் சிறை என்று தெரிந்தே, அதற்குத் தயாராகிப் போனவர்கள். நான் ஏதோ திருவிழாவுக்குக் கூட்டிப்போவது மாதிரி கூட்டிப்போனேன். எது நடந்தால் பிள்ளையை எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுகூட யோசிக்கவில்லை. சரித்திரத்தைச் சாக்காக எடுத்துக்கொள்வது சுலபம், அவர்கள் எடுத்த முடிவின் கனம் எனக்கு இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த 32 பேரும் நம் கட்டுரைகளில் ஓர் எண்ணிக்கையாக மட்டும்தான் நிற்கிறார்கள். பெரியவர்கள் எடுத்த முடிவு, உள்ளே போனது அவர்களும்தான்.

அக்கா மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். போன பொங்கலுக்கு வந்தபோது அந்த 32 குழந்தைகளைப் பற்றிச் சொல்லி, "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னிக்கே இத சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன் மாமா. ஆனா வந்திருப்பேன்" என்றாள்.