கூட்டாஞ்சோறு: ஒரே பானையின் வரலாறு

பத்துமலைத் தைப்பூசத்தில் அன்னதானப் பந்தல்களைக் காணும்போதெல்லாம், சோறே அரிதாயிருந்த நம் முன்னோர் காலம் என் நினைவுக்கு வருகிறது.

1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. மலாயா தன் அரிசித் தேவையின் பெரும்பகுதிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாடு. அவ்வரத்துக் குன்றியது, வாழைமரம் பொறித்த சப்பானிய நோட்டும் மதிப்பிழந்தது. 1945இல் போர் முடியும்வரை மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று.

இத்தகைய நாள்களுக்கு ஏற்ற வழக்கொன்று தமிழரிடம் உண்டு. அதுவே கூட்டாஞ்சோறு. ஒருவர் அரிசியும், ஒருவர் பருப்பும், ஒருவர் கொல்லைக் கீரையும் கொணர, அனைத்தும் ஒரே பானையில் வேகும். இன்றைய 'பொட்லக்' விருந்தில் ஒவ்வொரு தட்டும் கொணர்ந்தவர் பெயரைச் சொல்லும். கூட்டாஞ்சோற்றிலோ யார் எவ்வளவு தந்தார் என்பது வெந்து கரைந்துவிடும்.

ஓர் ஆண்டிறுதி விருந்துக்கு, உடல்நலமில்லை என்று கூறி மாணவி ஒருத்தி வரவில்லை. கொண்டுவர வீட்டில் ஒன்றுமில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுத்த ஆண்டு முதல் எம் வகுப்பில் ஒரே பானைதான்.

பெற்றோர்களே, ஒரு பிடி அரிசி போதும். அதுவும் இயலாதெனில், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.