மலைநாட்டு வானில் அசையாச் செய்மதிகள்

விண்மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே சாய்தலை யாவரும் அறிவர். இவ்வியல்புக்கு மாறாக ஓரிடத்திலேயே நிற்கும் பொருள்களும் இன்று நம் வானில் உள. அவையே புவிநிலைச் செய்மதிகள். அவற்றின் வரலாற்றோடு நம் மலைநாட்டுக்குள்ள தொடர்பையும், அவற்றை இனங்காணும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

மத்தியகோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள், புவி தன்னைத்தான் சுற்றும் காலத்திலேயே ஒரு சுற்றை முடிக்கும். ஆதலின் நமக்கு அசையாததாகத் தோன்றும். அவ்வுயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தி உலகெங்கும் ஒலிபரப்பலாம் என 1945இல் ஆதர் சி. கிளார்க் எழுதினார். 1964இல் ஏவப்பெற்ற சின்கொம் 3 அக்கருத்தை மெய்ப்பித்தது. 1956இல் இலங்கையிற் குடியேறிய அவ்வறிஞர், 1979இல், ‘சுவர்க்கத்தின் நீரூற்றுகள்’ எனப் பொருள்படும் ஆங்கில நாவலை வெளியிட்டார். மலையுச்சியொன்றிலிருந்து புவிநிலைப் பாதைவரை எழும் கோபுரம் அதிற் கூறப்படுகின்றது. அம்மலைக்கு மாதிரி நம் சிவனொளிபாதமலையே. ஆயினும், கதைக்காக அவர் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே, மத்தியகோட்டுக்கு நகர்த்தினார்.

அந்நகர்த்தலின் காரணத்தை அற்றனிலிருந்தே காணலாம். அற்றன் வட அகலக்கோடு ஏறத்தாழ 6.9 பாகையில் உள்ளது. ஆகவே நம் நெடுங்கோட்டில் நிற்கும் செய்மதி உச்சியிலன்றி, அதற்குத் தெற்கே 8 பாகையளவிற் காணப்படும். லயக் கூரைகளிலுள்ள ‘டிஷ்’கள் பெரிதும் அண்ணாந்திருத்தற்கும் இதுவே காரணம். விண்மீன்களிடையே நோக்குங்கால், செய்மதி வான மத்தியகோட்டுக்கு 1.2 பாகை தெற்கே நிற்கும். ஓரையன் கூட்டத்தின் இடைக்கச்சையிலுள்ள மூன்று மீன்களுள் நடுமீன் செல்லும் வழியும் ஏறக்குறைய அதுவே.

இச்செய்மதிகள் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படா. முக்காலியிற் பொருத்திய படக்கருவியை அவ்வழிக்குத் திருப்பிச் சில நிமிடம் திறந்துவைத்தால், விண்மீன்கள் கோடுகளாகவும் செய்மதிகள் புள்ளிகளாகவும் பதியும். சம இராப்பகல் நாள்களையொட்டி நள்ளிரவையடுத்து அவை புவிநிழலுட் புகுந்து, ஒரு மணி நேரத்துக்கு மேலும் மறைதல் உண்டு. புள்ளியின் திசையிலிருந்து நெடுங்கோட்டைக் கணித்து, வெளியிடப்பட்ட பாதைக் குறிப்புகளோடு ஒப்பிட்டே பெயரறிதல் வேண்டும். ஒரே நெடுங்கோட்டிற் பல செய்மதிகள் நிற்றலுமுண்டு. ஆதலின் இடமொன்றையே கொண்டு துணிதல் பிழையாகும்.

சிவனொளிபாத யாத்திரைக் காலத்துத் தெளிந்த இரவுகள் இம்முயற்சிக்கு ஏற்றவை. தம் ஊரின் அகலக்கோட்டை அறிந்த தோட்டப் பாடசாலை மாணவர், அந்த 1.2 பாகையை அளந்து செய்மதியின் தொலைவைத் தாமே கணிக்கலாம். வானத்துச் செய்தியை வாங்குவோராக மட்டும் இருந்த மலைநாட்டார், வானை அளப்போராகவும் ஆதற்கு அதுவே முதற்படியாம்.