நெய்யப்பம் ஊகம் (2015–16)

கூகுளின் கைபேசி இயங்குதளமான ஆண்ட்ராய்டின் ‘என்’ பதிப்புக்கு இந்திய இனிப்பு ஒன்றின் பெயர் கிடைக்கும் என்று, கூகுள் ஐ/ஓ மாநாட்டை முன்னிட்டு இந்திய ரசிகர்களிடையே கிளம்பிய எதிர்பார்ப்பு. கப்கேக், டோனட் என ஆங்கில அகரவரிசையில் இனிப்புப் பெயர் சூட்டுவது அன்றைய வழக்கம். 2015இல் ‘எம்’முக்கு மார்ஷ்மெல்லோ. அடுத்த எழுத்து ஊரறிந்தது என்பதால் ஊகத்துக்குப் பஞ்சமில்லை.

இதற்குத் தூபம் போட்டவர் மதுரையில் பிறந்த, கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சையேதான். இந்திய இனிப்பின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று 2015 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் கேட்டபோது, அம்மாவிடம் யோசனை கேட்பதாகவும் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் சொன்னார். வேடிக்கைப் பேச்சை ரசிகர்கள் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

‘என்’ ஒலியில் தொடங்கும் இனிப்புகளில் நெய்யப்பம் முந்தியது. அரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் கரைத்து நெய்யில் சுடும் இதைக் கேரளம் தனதென்று கொண்டாடியது. தமிழ்நாட்டில் கார்த்திகை தீபத்தன்று அப்பம் சுடாத வீடு குறைவு. ஆனாலும் இந்தப் பெயர்ப் போட்டியில் ருசி செல்லவில்லை, முதலெழுத்துதான் செல்லுபடியானது. அதிரசத்தால் வரிசையிலேயே நிற்க முடியவில்லை.

2016 மே 18 அன்று மவுண்டன் வியூவில் தொடங்கிய மாநாட்டிலும் பெயர் வெளிவரவில்லை; மக்களே பரிந்துரைக்கலாம் என்றது கூகுள். பரிந்துரைதான், வாக்கெடுப்பு அல்ல. ஜூன் 30 அன்று ‘நூகட்’ என்று அறிவித்தார்கள்.

2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது இனிப்புப் பெயர்கள் பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டன. நிறுவனத்துக்குள் குறிப்புப் பெயர்களாக மட்டும் தொடர்ந்தன.