29.97, 25, 4:2:0 – காணொளி எண்களுக்குள் உறையும் வரலாறு

காணொளித் தொகுப்பு மென்பொருள் எதுவாயினும், பணி முடிந்து 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தியதும் எண்கள் நிறைந்த சாளரமொன்று திறக்கும். பிரேம் வீதம் 23.976, 25, 29.97, ஃபீல்டு வரிசை மேலா, கீழா, வண்ணப் பகுப்பு 4:2:0 அல்லது 4:2:2, பிட் வீதம், கீஃப்ரேம் இடைவெளி. மென்பொருள் முன்கூட்டியே நிரப்பிவைத்த மதிப்புகளைப் பெரும்பாலோர் அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வெண்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு காலத்தில் எழுந்த நெருக்கடிக்குப் பொறியாளர்கள் கண்ட சமரசம். அதனை அறியாமல் பழைய ஒளிநாடாக்களை எண்மமாக்கும்போது, வரலாற்றுச் சான்றின் ஒரு பகுதி ஓசையின்றி அழிகிறது.

பிரேம் வீதத்தின் வேர் மின்விநியோகத்தில் இருக்கிறது. தொடக்ககாலத் தொலைக்காட்சிப் பெட்டியில் மின்னோட்டத்தின் அலைவு படத்தில் குறுக்கிட்டுப் பட்டைகளை உண்டாக்கியது. பட வீதத்தை மின் அலைவோடு பொருத்தினால் அப்பட்டைகள் ஓடாமல் நிற்கும். எனவே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொண்ட அமெரிக்கா நொடிக்கு 30 படங்களையும், 50 ஹெர்ட்ஸ் கொண்ட ஐரோப்பா 25 படங்களையும் தேர்ந்தன. 1953இல் அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்புக்கு ஒப்புதல் கிடைத்தபோது, வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து இயங்க வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்த்த வண்ண அலைக்கும் ஒலியலைக்கும் இடையிலான குறுக்கீடு கண்ணை உறுத்தாதிருக்க, பட வீதம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. 30 என்பது 29.97 ஆயிற்று. திரைப்படத்தின் 24 படங்களும் அதே குறைப்புக்கு உட்பட்டு 23.976 ஆயின.

இந்தியா ஐரோப்பியப் பாதையில் சென்றது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத்துக்கு மாறியபோது, ஜெர்மனியில் வால்டர் ப்ரூக் உருவாக்கிய பிஏஎல் முறையைக் கைக்கொண்டது. 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். ஆகவே அக்கால இந்திய ஒளிபரப்பு நாடாவை 29.97இல் ஏற்றுமதி செய்தால், மென்பொருள் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து படங்களை இரட்டிக்கவோ கலந்து செயற்கையாக உண்டாக்கவோ நேரிடும். எந்த ஒளிப்படக் கருவியும் பதிவு செய்யாத படங்கள் ஆவணத்துக்குள் நுழைந்துவிடும்.

ஃபீல்டு என்னும் அமைப்பும் இதே காலத்தது. நொடிக்கு 25 முறை மட்டும் ஒளிரும் திரை சிமிட்டும். அலைவரிசையைப் பெருக்காமல் சிமிட்டலைக் குறைக்க, ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்தும் அனுப்பினர். இதுவே இன்டர்லேசிங். இவ்விரு பாதிகளும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இருவேறு கணங்கள். கதக் கலைஞரொருவரின் விரைந்த காலடிகளைப் பதிந்த நாடா நொடிக்கு 50 கணங்களைத் தாங்கியிருக்கிறது. அதனை 25 முழுப்படங்களாகத் 'தூய்மை' செய்து சேமிப்பவர், அக்கணங்களில் பாதியை நீக்குகிறார். ஃபீல்டு வரிசையைத் தவறாகக் குறித்தாலோ, காலடி முன்னும் பின்னுமாகத் துள்ளும்.

4:2:0 என்பது கண்ணின் இயல்பைச் சார்ந்த சிக்கனம். ஒளியின் ஏற்ற இறக்கத்தை நுணுகிக் காணும் கண், வண்ண வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகக் காண்பதில்லை. ஒளியையும் வண்ணத்தையும் பிரித்து அனுப்பும் கருத்துக்குப் பிரான்சின் ஜார்ஜ் வலன்சி 1938இலேயே காப்புரிமை கோரினார். 1982இல் ஏற்கப்பட்ட சிசிஐஆர் 601 தரம், வரிக்கு 720 புள்ளிகள் என்பதையும் 4:2:2 பகுப்பையும் இருவகை ஒளிபரப்புக்கும் பொதுவாக்கியது. 4:2:2இல் வண்ணத் தகவல் கிடைமட்டமாகப் பாதியாகிறது. 4:2:0இல் செங்குத்தாகவும் பாதியாகி, மொத்தத்தில் கால் பங்கே எஞ்சுகிறது.

இவ்வளவு சிக்கனத்துக்குப் பின்னும் தரவு மலையாகவே நின்றது. அதைக் குறைத்த கணிதம் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவின் சிந்தனையில் உருவானது. 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் அவர் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. கருத்து மிக எளிமையாக இருப்பதாக மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். தம் மாணவர் டி. நடராஜனுடனும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கே. ஆர். ராவுடனும் இணைந்து 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையே 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெதுவாக மாறும் அலைகள், விரைந்து மாறும் அலைகள் எனப் பகுக்கும் முறை இது. கண் எளிதில் கவனியாத விரைவு அலைகளைக் கைவிட்டால் தரவு சுருங்கும். எத்தனை கைவிடலாம் என்பதையே பிட் வீதம் தீர்மானிக்கிறது. 1988இன் ஹெச்.261, அதன்பின் எம்பெக், 2003இன் ஹெச்.264 ஆகிய தரங்கள் இம்முறையின் வழிவந்தவை. இவை ஒரு முழுப்படத்தைக் கீஃப்ரேமாக வைத்து, அடுத்தடுத்த படங்களில் மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்கின்றன.

கணக்கு எளியது. 1920×1080 அளவில், 8 பிட் 4:2:0இல், நொடிக்கு 25 படங்கள் எனில் சுருக்கப்படாத தரவு நொடிக்கு ஏறத்தாழ 622 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 280 ஜிகாபைட். அதே மணி நேரம் 8 மெகாபிட் வீதத்தில் 3.6 ஜிகாபைட்டாக அடங்குகிறது. ஏறத்தாழ 78 பங்கில் ஒன்றே மிஞ்சுகிறது. பட்டுச் சரிகையின் இழைகளும் கூட்டத்தின் முகங்களும் முதலில் மங்குவது இதனால்தான்.

பார்ப்பதற்கான நகலுக்கு இச்சுருக்கம் போதும். பாதுகாப்பதற்கான நகலுக்குப் போதாது. நாடா எப்படிப் பதிவானதோ அப்படியே 25 படங்கள், இன்டர்லேஸ், 4:2:2 எனவும், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற முறையிலும் ஒரு மூலநகல் வேண்டும். ஹெச்.264 நகலை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். மறுதிசையில் செல்ல வழியில்லை. காந்த நாடாக்கள் நாள்தோறும் சிதைகின்றன, அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவருகின்றன. பல நாடாக்கள் இனி ஒருமுறை மட்டுமே ஓடும். அந்த ஒருமுறையில் சாளரத்தில் குறிக்கப்பட்ட எண்கள் எவை என்பதையும் ஆவணத்தோடு எழுதிவைக்க வேண்டும். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் எதை விட்டார், எதைத் திருத்தினார் என்று வினவும் ஆய்வு மரபு, காணொளிக்கும் அதே வினாவை எழுப்பியாக வேண்டும்.