கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரம்

இங்கிலாந்தில் பதிவு பெற்ற மழலையர் காப்பகங்கள் அந்நாட்டுக் கல்வித் துறையின் விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட்டவை. 2008 முதல் நடைமுறையில் இருக்கும் இத்தொகுப்பின்படி காப்பகங்கள் நடக்கின்றனவா என்று ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வு அமைப்பு வந்து பார்க்கும். தொகுப்பின் மூன்றாம் பகுதி பாதுகாப்பைப் பற்றியது. அதிலிருந்து சில விதிகளின் சாரமும் உரையும் இங்கே.

“பிள்ளைகள் வழக்கமாகப் பணியாளரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலும், எப்போதும் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்திலும் இருத்தல் வேண்டும்.”

‘வழக்கமாக’ என்றது நடைமுறை அறிந்து. நான்கு வயதுப் பிள்ளை கழிப்பறைக்குப் போனால் வாசலில் நின்று குரல் கேட்டால் போதும்; உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ‘எப்போதும்’ என்றது அந்தச் சலுகைக்கு வரம்பு கட்ட. இரண்டும் ஒருசேர அறுபடும் நொடி கூடாது என்பது கருத்து. எவ்வளவு தளர்த்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்ட இவ்விதியை எழுதியவர், ஒரு நாளாவது காப்பகத்தில் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும்.

“இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐவருக்கு ஒரு பணியாளராவது வேண்டும்.”

2023 செப்டம்பர் வரை இது நால்வருக்கு ஒருவர். அவ்வாண்டு மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட், வேலைக்குப் போகும் பெற்றோருக்கான இலவசப் பராமரிப்பை ஒன்பது மாதப் பிள்ளைகள் வரை படிப்படியாக விரிவாக்குவதாக அறிவித்தார். இடம் கேட்டு வருவோர் பெருகுவார்கள், ஆள் கிடைப்பதோ அரிது. கணக்கைத் தளர்த்தினார்கள். ஸ்காட்லாந்தில் முன்பே ஐவருக்கு ஒருவர்தானே என்றது அரசு. உண்மைதான். ஆனால் அங்கே காப்பகப் பணியாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவேட்டில் இடம்பெற வேண்டும். இங்கிலாந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குத் துணை நிற்கும் ஏற்பாட்டை விட்டுவிட்டது.

ஓர் அறையில் இரண்டு பணியாளர்கள். ஒருவர் ஒரு பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் போகிறார். பழைய கணக்கில் மற்றவர் பொறுப்பில் ஏழு பிள்ளைகள். புதிய கணக்கில் ஒன்பது. இரண்டு வயது என்பது ஓடத் தெரிந்து, ஆபத்து தெரியாத வயது.

“உண்ணும்போது பிள்ளைகள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.”

இங்கே ‘வழக்கமாக’ இல்லை, ‘கண்ணுக்கோ காதுக்கோ’ என்ற தெரிவும் இல்லை. காரணம் உண்டு. மூச்சுக்குழாய் முழுதும் அடைபட்ட பிள்ளையால் அழவோ இருமவோ முடியாது. காது மட்டும் காவல் காத்தால், அமைதியாகச் சாப்பிடுகிறது என்றே நினைக்கும். முழுத் திராட்சை சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தட்டில் வைக்க வேண்டும். கணக்கைத் தளர்த்திய அதே 2023 செப்டம்பரில்தான் இவ்விதியும் வெளிப்படையாக எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க. ஒரு கை தளர்த்தியது, மறு கை இறுக்கியது. 2025 செப்டம்பரில் இன்னும் இறுக்கினார்கள்: குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் சாப்பாட்டு வேளையில் அறையில் இருக்க வேண்டும், இயன்றவரை பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சரியான திருத்தம். ஆனால் பார்க்க வேண்டிய முகங்களைக் கூட்டிவிட்டு நன்றாகப் பார் என்று சொல்வதில் பணியாளருக்கு நியாயம் இல்லை.

“வீட்டில் பராமரிப்பவர் எட்டு வயதுக்கு உட்பட்ட அறுவருக்கு மேல் ஏற்கலாகாது, அவர்களில் சிறு பிள்ளைகள் மூவர்.”

இது தம் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கான விதி. ‘மூவர்’ என்பது தளரும், ‘அறுவர்’ தளராது. அக்காள் ஏற்கெனவே அங்கே வருகிறாள் என்றால் தம்பியையும் சேர்த்துக்கொள்ளலாம், எல்லாப் பிள்ளைகளின் தேவையும் நிறைவேறுவதைப் பெற்றோருக்கும் ஆய்வாளருக்கும் காட்ட முடிந்தால். தாய்மார்களுக்கு இரண்டு வாசல் அலையும் வேலை மிச்சம். இந்தத் தளர்வில் எனக்கு மறுப்பில்லை. முதல் விதியைப் போலவே இதுவும் தளர்த்தும்போதே வரம்பையும் சேர்த்துச் சொல்கிறது.

இடப்பரப்பு விதி (இரண்டு வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர்) உரை வேண்டாத அளவுக்குத் தெளிவு.

இங்கிலாந்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: ஐவர் என்பது உச்ச வரம்புதான், நால்வரோடு நிறுத்திக்கொள்ளக் காப்பகத்துக்கு எந்தத் தடையும் இல்லை. உங்கள் காப்பகம் எதைப் பின்பற்றுகிறது, சாப்பாட்டு மேசையில் யார் உட்காருகிறார் என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.