இரண்டு பழமும் 21 பவுண்டும்

தென்னாப்பிரிக்கப் பொருள்களை உறுப்பு நாடுகள் புறக்கணிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1962லேயே தீர்மானம் போட்டுவிட்டது. (இந்தியா அதற்கும் 16 வருடம் முன்னாடியே, 1946இல், அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியிருந்தது.) ஆனால் 1984இலும் டப்ளின் கடைகளில் தென்னாப்பிரிக்கப் பழம் தாராளமாக விற்றது. தீர்மானத்தைக் கடைக் கல்லா வரைக்கும் கொண்டுவர ஆள் இல்லை.

கொண்டுவந்தது ஐடாட்டு என்ற கடை ஊழியர் சங்கம். தன் உறுப்பினர்கள் தென்னாப்பிரிக்கப் பொருளுக்குப் பில் போட வேண்டாம் என்று அந்த வருடம் முடிவெடுத்தது. ஜூலை 19, ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் கடை. கல்லாவில் 21 வயசு மேரி மேனிங். வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு கிரேப்ஃப்ரூட்டை எடுத்துவைக்கிறார் (நம்ம பம்ளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழம்). இதுக்குப் பில் போட மாட்டேன் என்கிறார் மேரி. மேலாளர்கள் பேசிப் பார்த்தார்கள், மசியவில்லை, சஸ்பெண்ட். சங்கப் பிரதிநிதி கேரன் கியரன் உட்பட ஒன்பது பேர் அவரோடு வெளியே வந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பிறகு இன்னொரு கிளையிலிருந்து ஒருவர் சேர்ந்தார்.

இவர்கள் யாரும் கொள்கை பேசிக்கொண்டு வந்தவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். நிறவெறி பற்றி அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது என்று மேரியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சங்கம் சொன்னது, செய்தார்கள். கடை நிர்வாகத்தின் மேல் இருந்த கடுப்பும் ஒரு காரணம். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள்.

விவரம் புரிந்தது தெருவில் நின்ற பிறகுதான். நிம்ராட் செஜாகே என்ற பெரியவர் வந்து மறியலில் சேர்ந்துகொண்டார். தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கக்காரர். 1956 தேசத்துரோக வழக்கில் மண்டேலாவோடு குற்றஞ்சாட்டப்பட்டு, பிறகு நாடு கடந்து அயர்லாந்தில் வாழ்ந்தவர். அங்கே ஒரு கறுப்புத் தொழிலாளியின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, சங்க உத்தரவு இவர்களுடைய சொந்தப் போராட்டமாகிவிட்டது. அதன்பின் சமரசம் பேசி உள்ளே போக மனசு வரவில்லை.

வேலைநிறுத்தப் படி வாரம் 21 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட 2 வருடம் 9 மாதம்! வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் வேறு. கிடைத்த வேலையை விட்டுவிட்டு யாருக்காகவோ தெருவில் நிற்கிறார்களே என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. 1984 டிசம்பரில், நோபல் பரிசு வாங்கப் போகும் வழியில் டெஸ்மண்ட் டூட்டு லண்டனில் இவர்களைச் சந்தித்த பிறகுதான் ஊர் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. 1985 ஜூலையில் அவர் அழைப்பின் பேரில் தென்னாப்பிரிக்கா கிளம்பினார்கள். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தைத் தாண்ட விடவில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடுத்ததே நல்ல விளம்பரமாகிவிட்டது.

1987இல் தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியை அயர்லாந்து அரசு தடை செய்தது. 1990இல் டப்ளின் வந்த மண்டேலா, சிறையில் தனக்குத் தெம்பு தந்த விஷயங்களில் இதுவும் ஒன்று என்றார். மேரிக்கோ போராட்டம் முடிந்ததும் உள்ளூரில் வேலை கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.