வானொலி நேர்காணலும் கடல் காக்கும் குரலும்: மன்னார் வளைகுடாவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் மேடைகளில் அறிஞர்களும் அதிகாரிகளும் பேசுகிறார்கள். சீர்கேட்டை நாள்தோறும் எதிர்கொள்ளும் மக்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே அமர்த்தப்படுகிறார்கள். இந்த வழக்கத்தை மாற்றும் ஆற்றல் சமுதாய வானொலியின் நேர்காணலுக்கு உண்டா, உண்டெனில் எந்த நிபந்தனைகளில் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். களமாக மன்னார் வளைகுடாக் கரை எடுத்துக்கொள்ளப்படுகிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீனவர்களுக்கென்றே இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி இக்கரையைச் சேர்ந்தது என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

2. வரலாற்றுப் பின்புலம்

2.1 ஒருவழி வானொலி

1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அகில இந்திய வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் எந்த அளவு ஊருக்குள் சென்றன என்பதற்கு இப்பெயரே சான்று. ஆனால் அந்த வானொலி விதை, உரம், பூச்சிமருந்து பற்றிய செய்தியை நிலையத்திலிருந்து வயலுக்குக் கொண்டு சென்றது. வயலின் அனுபவம் நிலையத்துக்குத் திரும்பும் வழி குறுகலாகவே இருந்தது. 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் புணே பகுதியில் நடந்த வானொலிப் பண்ணை மன்றச் சோதனை ஒரு விதிவிலக்கு. அங்கே ஊரார் குழுவாகக் கேட்டு, விவாதித்து, கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

2.2 சமுதாய வானொலி

வானலைகள் பொதுச்சொத்து என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்கு முதலில் உரிமம் கிடைத்தது. அவ்வகையில் 2004இல் சென்னையில் அண்ணா பண்பலை தொடங்கியது. 2006ஆம் ஆண்டுக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வாய்ப்பை விரித்தது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில், உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது அக்கொள்கையின் முக்கியக் கூறு. கேட்பவர் பேசுபவராகும் உரிமைக்கு இதுவே சட்ட அடிப்படை.

3. களத்தின் நிலை

3.1 பவளப்பாறைகள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைக் கொண்டு 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. மீனவர் ‘பார்’ என்று சொல்லும் பவளப்பாறைகள் இத்தீவுகளைச் சூழ்ந்து அலைவேகத்தைத் தணிக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டப்பட்டதன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. கல் வெட்டுவது நின்றபின் கடல்வெப்பம் வந்தது. நீர் அளவுமீறிச் சூடாகும்போது பவள உயிரிகள் தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகின்றன. வெப்பம் நீடித்தால் மடிகின்றன. 2010லும் 2016லும் இங்கே பெரும் வெளிறல் நிகழ்ந்தது.

3.2 வலைகள்

விசைப்படகுகளின் இழுவலை கடலடியைச் சுரண்டி, குஞ்சுமீன்களையும் அள்ளிச் செல்கிறது. இதனால் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே பூசல் நீடிக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இதைச் சீர்செய்ய முயன்றது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. ஆயினும் ரெட்டைமடி, சுருக்குமடி ஆகிய வலைவகைகள் பற்றிய புகார்கள் ஓயவில்லை.

3.3 கடல் அட்டையும் பாசியும்

2001இல் கடல் அட்டைகளும் பவளங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அட்டை பிடித்துப் பிழைத்த குடும்பங்களின் தொழில் ஒரே அறிவிப்பில் குற்றமாயிற்று. எதிரே இலங்கையில் அத்தொழில் உரிமம் பெற்று நடப்பதால், தடைக்கான காரணம் இக்கரை மக்களுக்கு விளங்காமல் போனது. தேசியப் பூங்கா எல்லை பாசி எடுக்கும் பெண்களையும் பாதித்தது. மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய பாசிகளை மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் இப்பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குச் செல்வதெனத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களை முன்னின்று ஒருங்கிணைத்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் தீவுச் சூழல் காப்போருக்கான சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது. படிப்பறிவு குன்றியவர்களாகக் கருதப்பட்ட பெண்களே பாதுகாப்பு விதி வகுத்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

4. நேர்காணலின் பணிகள்

4.1 அனுபவ அறிவைச் சான்றாக்குதல்

கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, நீவாடு என்னும் நீரோட்டம் பார்த்து வலைவிடும் மீனவரிடம் நெடுங்காலக் கடற்குறிப்பு உள்ளது. அது எழுத்தில் இல்லை. ‘கடல் மாறிவிட்டதா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்தான் விடையாகக் கிடைக்கும். எந்தப் பாரில், எந்த மாதத்தில், எந்த மீன் முன்பு கிடைத்தது, இப்போது எத்தனை பாகம் ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று கேட்டால் ஆய்வாளர் சரிபார்க்கத்தக்க தரவு கிடைக்கும். எனவே கேள்வியின் நுட்பமே பேச்சைச் சான்றாக உயர்த்துகிறது.

4.2 விதியின் காரணத்தை விளக்குதல்

கடல் அட்டை கடலடி மணலை உண்டு, அதிலுள்ள கரிமப் பொருளைச் செரித்து, தூய மணலாக வெளியேற்றுகிறது. தடையை அறிவிக்கும் சுற்றறிக்கை இதைச் சொல்வதில்லை. மீனவர் கேட்க, அறிவியலாளர் விடைசொல்லும் நேர்காணல் இதைச் சொல்ல முடியும். அதே அமர்வில் மாற்றுத்தொழில் எங்கே என்ற கேள்விக்கும் அதிகாரி முகங்கொடுக்க வேண்டிவரும். காரணம் கூறாத விதியை மக்கள் அச்சத்தால் மட்டுமே பின்பற்றுவார்கள். காரணம் அறிந்தால் அவர்களே அதற்குக் காவலாவார்கள்.

4.3 முரண்பட்ட தரப்புகளை ஒரே காதில் சேர்த்தல்

விசைப்படகு உரிமையாளர், அதில் பங்குக்குப் போகும் தொழிலாளி, நாட்டுப்படகுக்காரர், மீன் விற்கும் பெண் ஆகியோரின் நலன்கள் வேறு வேறு. போராட்டப் பந்தலில் ஒரு தரப்பே பேசும். வானொலியில் எல்லாத் தரப்பையும் எல்லா வீடுகளும் கேட்கின்றன. கடன்சுமை ஒருவரை இழுவலையோடு எப்படிக் கட்டிப்போடுகிறது என்பது எதிர்த் தரப்புக்குத் தெரியும்போதுதான் தீர்வுக்கு இடம் பிறக்கிறது.

5. வரம்புகள்

முதலாவது, தொலைவு. சமுதாய வானொலியின் ஒலிபரப்பு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரையே எட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. ஆழ்கடலில் இருப்பவருக்குச் செயற்கைக்கோள் தொடர்பு தேவை. பண்பலை அதற்கு மாற்றாகாது.

இரண்டாவது, சட்டம். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவோ அரசியல் நிகழ்ச்சி நடத்தவோ கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டுமே அஞ்சல் செய்யலாம். ஆனால் துறைமுகம், அனல்மின் நிலையம், கால்வாய் என்று கடலைத் தொடும் எந்தத் திட்டமும் அரசியலுக்கு வெளியே இல்லை. உரிமம் பறிபோகும் அச்சத்தில் நிலையம் நெகிழிக் குப்பையை மட்டும் பேசி, பெருந்திட்டங்களைத் தவிர்க்கும் ஆபத்து உண்டு. அப்போது குற்றம் முழுவதும் எளிய மக்களின் பழக்கவழக்கங்கள் மேல் விழும்.

மூன்றாவது, பேசியவரின் பாதுகாப்பு. தடைசெய்த வலையைப் பற்றிப் பேசியவர் மறுநாள் அதே துறையில் நிற்க வேண்டியவர். பெயரையும் குரலையும் மறைக்கும் உரிமையை ஒலிப்பதிவுக்கு முன்பே அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

6. முடிவுகள்

ஒன்று: நேர்காணல் மட்டும் கடலைக் காக்காது. காப்பவர்களுக்கு அது செவியையும் சான்றையும் தருகிறது. இரண்டு: கேள்வி கேட்பவர் அக்கரையைச் சேர்ந்தவராகவும், காற்றின் பெயரும் வலையின் பெயரும் அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். மூன்று: ஒலிபரப்பிய நேர்காணல்கள் தேதி, இடம், பொருள் குறித்து ஆவணமாகச் சேமிக்கப்பட வேண்டும். இன்று ஒலிபரப்பி மறப்பது, நாளைய ஆய்வாளருக்குச் செய்யும் அநீதி. நான்கு: வனத்துறையும் மீன்வளத்துறையும் கடற்கரை மக்களைப் பாதிக்கும் ஆணை எதையும் பிறப்பிக்கும் முன்னர் இப்பதிவுகளைக் கேட்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஐந்து: செய்தி ஒலிபரப்பின் மீதான தடையை, குறைந்தது உள்ளூர்ச் சுற்றுச்சூழல் சார்ந்த பொருள்களிலாவது மத்திய அரசு நீக்க வேண்டும். கடலோடு வாழ்பவரின் வாய்மொழியைக் கேளாமல் வகுக்கப்படும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நிலைக்காது.